முழு நேரமும் உடன் இருந்தேன்

தமிழ் தெரிந்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்களாமே. வாழ்த்துகள் என்று சொல்லத்தான் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலின் முதல் பெயராக இருந்தவள் என்ற முறையில் கொஞ்சம் அனுதாபத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வார்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சாதாரணத் தாள்தான் அது. ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளி வந்தால் அதைப் பார்த்து நம்மைக் கூப்பிடுவார்கள். கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு மாடி தாண்டி ஓட வேண்டும். "ஃபைவ் மினிட்ஸ் ஒன்லி, சிஸ்டர்" என்பார்கள். ஐந்து நிமிடம் என்று சொல்லிக் கூப்பிட்ட எதுவும் எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. அப்படி முடிந்த ஒரே ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பயிற்சி வகுப்பில், மருத்துவ ஆய்வில் சேரும் நோயாளியின் உரிமைகள் என்று வரிசையாகப் பல விதிகளைக் காட்டியிருப்பார்கள். அவை ஏன் வந்தன என்று யாராவது கேட்டிருந்தால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது விசாரணை நடந்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பார்கள். அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. உங்கள் தலைமைத் தாதி இதை எழுதச் சொன்னபோது இரண்டு முறை முடியாது என்றேன். மூன்றாவது முறை களைப்பில் சரி என்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன பல சரிகள் களைப்பில் சொன்னவைதான்.

அந்த நோயாளியின் பெயரைச் செல்வராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பக்கம். இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. முப்பது வயது இருக்கும். முகமும் காலும் வீங்கிப்போய் வந்து சேர்ந்தார். சிறுநீரகத்தில் கோளாறு. என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள, முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அது வேண்டிய சோதனை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மருந்து கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். பதினான்காம் எண் படுக்கையில் உட்கார்ந்து பக்கத்துப் படுக்கைச் சீனப் பெரியவருக்குப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பேராசிரியர் அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மருந்து வேலை செய்த பிறகு சிறுநீரகம் உள்ளே எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க, சில வாரம் கழித்து இரண்டாவது முறை ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும். நோயாளியின் சிகிச்சைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆய்வுக்கு மட்டும்தான் அது. வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் சிகிச்சை எந்த விதத்திலும் குறையாது என்று சம்மதப் படிவத்தின் ஆறாவது பக்கத்தில் இருந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

படிக்க முடியாத நோயாளியாக இருந்தால் சாட்சி ஒருவர் வேண்டும். சாட்சியின் கையெழுத்துக்கு மேலே இரண்டு வாக்கியங்கள் அச்சிட்டிருக்கும். விளக்கம் சொன்ன முழு நேரமும் நான் உடன் இருந்தேன். நோயாளி புரிந்துகொண்டு தம் விருப்பப்படி சம்மதித்தார். இவ்வளவுதான். இந்த இரண்டையும் நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அன்று எங்கள் வார்டில் இரண்டு பேர் விடுப்பு. காலையிலிருந்து உட்காரவில்லை. பதினோரு மணிக்குச் செல்வராசு இருந்த வார்டிலிருந்து தொலைபேசி வந்தது. போனபோது பேராசிரியர் பேசி முடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருந்தார். செல்வராசைப் பார்க்க வந்திருந்த அறைத் தோழர் ஒருவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவரை வைத்துப் பேசியிருக்கிறார்கள். அந்தத் தோழருக்கு வெல்டிங் பற்றியும் பேருந்து பற்றியும் ஆங்கிலத்தில் பேசத் தெரியும், சிறுநீரகம் பற்றித் தெரியாது. ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த பெண், நல்ல பெண், படிவத்தை என் பக்கம் நீட்டினாள். "சிஸ்டர், எவ்ரிதிங் எக்ஸ்ப்ளெயின் ஆல்ரெடி. யூ சைன் ஒன்லி." செல்வராசு கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. நம் ஊர்க்காரர்கள் முகம் நம்மைப் பார்த்ததும் எப்படித் தெளியும் என்பதை நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். அது ரொம்பச் சுகமான விஷயம். அதனால்தான் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறேன்.

"டாக்டர் சொன்னது புரிஞ்சுதா, தம்பி?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுதுக்கா."

புரிஞ்சுதா என்று கேட்டு, இல்லை என்று சொன்ன ஒரு தமிழரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. படித்தவர், படிக்காதவர், இங்கேயே பிறந்தவர், போன வாரம் வந்து இறங்கியவர், எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். மருத்துவரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்ற மரியாதை அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன், ஏனென்றால் அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. பெரிய டாக்டர், நல்லா பாத்துக்குவார். போடுங்க" என்றேன்.

அவர் போட்டார். கீழே நான் போட்டேன். பேராசிரியர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை. நானும் நல்லவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்த ஒருவருக்குத் தைரியம் சொன்ன திருப்தியோடு என் வார்டுக்கு ஓடினேன்.

இரண்டாவது ஊசியில் உள்ளே ரத்தக்குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, ஆளைக் காப்பாற்ற அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அபூர்வமாக நடப்பதுதான், அதுவும் படிவத்தில் இருந்தது. வெல்டர் வேலைக்கு இனி லாயக்கில்லை என்று கம்பெனி கைவிட்டது. சில மாதங்கள் கழித்து இளம் மருத்துவர் ஒருவர், சிகிச்சைக்குத் தேவையில்லாத இந்த இரண்டாவது ஊசியைப் பற்றிப் புகார் கொடுத்தார். செல்வராசைப் போல இன்னும் பலருக்கு அது போடப்பட்டிருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியவில்லை. செய்தித்தாளில் வந்தது. விசாரணைக் குழு அமைத்தார்கள், பொதுமக்கள் முன்னிலையில் விசாரிப்பதாக அறிவித்தார்கள். படிவங்களைப் புரட்டியபோது பதினேழு தமிழ் நோயாளிகளின் தாள்களில் சாட்சி என்று இருந்தது என் கையெழுத்து.

மருத்துவமனையின் வழக்குரைஞர்கள் தஞ்சோங் பகாரில் ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தார்கள். என்னோடு பேச உட்கார்ந்தது இளம் பெண், நம் தமிழ்ப் பெண்தான். காப்பி வேண்டுமா, குளிர்கிறதா என்று ரொம்பக் கரிசனமாக விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஆன்டி, அந்த டே உங்களுக்கு கிளியரா ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் ஆச்சு. எத்தனையோ பேஷண்ட்ஸ். ஞாபகம் இல்லன்னா இல்லன்னே சொல்லலாம், அதுல தப்பே இல்ல."

"ஞாபகம் இருக்கும்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஓகே. அப்போ இப்படிச் சொல்லுங்க. 'வழக்கமா நான் முழு நேரமும் கூட இருப்பேன்.' தட்ஸ் ஆல். அன்னிக்கு இருந்தேன்னு நீங்க சொல்லல, இல்லன்னும் சொல்லல. பொய் இல்ல லா, ஆன்டி."

வழக்கமாக நான் இருக்க மாட்டேன், அதுதானம்மா வழக்கமே என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஓய்வு பெற எனக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. தாதியர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டால், அவமானப்பட்டுத்தான் வெளியேற வேண்டும். தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். சாட்சி சொல்லப்போகும் நோயாளிகள் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது, எதேச்சையாகப் பார்த்தாலும் விலகிப் போய்விட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்திலும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா! என்னத் தெரியுதா? பதினாலாம் நம்பர் பெட்டு!"

இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. விசாரணை முடியும்வரை இங்கே தங்க அனுமதி கொடுத்திருந்தார்களாம். புக்கிட் பாத்தோக்கில் தொண்டு அமைப்பு ஒன்று தந்த அறையில் இருக்கிறார். விலகிப் போயிருக்க வேண்டும். என் பையை அவர் வாங்கிக்கொண்டார், அதற்கப்புறம் எப்படி விலகுவது? கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"ஊருல என்ன பேசிக்கிறாங்க தெரியுமாக்கா?" என்றார். "செல்வராசு சிங்கப்பூர்ல கிட்னிய வித்துட்டான்னு. எம் மச்சானே டீக்கடையில உக்காந்து சொல்றான். எம் பொண்டாட்டி போன்ல அழுவுறா. 'கையெழுத்துப் போட்டுருக்கல்ல, அப்புறம் எப்புடிக் கேக்காம எடுத்தாங்க'ன்னு கேக்குறா. அவளுக்கு நான் என்னக்கா சொல்றது?"

நம் ஆட்களில் சிறுநீரகத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஒருவர் மேல் ஒட்டிக்கொண்டால் போகாது. பெண் கொடுப்பார்களா, வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்பானா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்பார்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

"எனக்கு வேறெதுவும் வேணாம்க்கா. இந்த ஆளக் கேக்காமதான் செஞ்சாங்கன்னு அந்தக் குழு ஒரு தாளுல எழுதிக் குடுத்தாப் போதும். அத எடுத்துட்டு ஊருக்குப் போயிருவேன்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே நின்றது என் கையெழுத்து. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருந்தால் நான் பாதி மனுஷியாகவாவது இருந்திருப்பேன். ஆனால் எனக்கு என் துக்கம் பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் சொல்லாததை, வழக்குரைஞரிடம் சொல்லாததை, அவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கு டாக்டர் பேசும்போது நான் உங்க பக்கத்துல இல்ல, தம்பி. அது வெளிய வந்தா என் லைசென்ஸ் போயிடும். முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்துட்டு, கடைசியில பேர் கெட்டு வெளிய போகணும்."

"அப்படியாக்கா?" என்றார்.

"ஆமா தம்பி."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பேருந்து நிறுத்தம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "விடுங்கக்கா, பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கையசைத்தார். என் மனசு லேசாகிவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அப்படித்தான் இருந்தது. ஆறுதலாகப் பேசிய ஒருவரிடம் பேசிவிட்டு வந்த நிம்மதி.

விசாரணை நாளன்று காலை தோ பாயோ வீட்டில் என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வீட்டுலதான் உன்னால முடியாது, அங்கயாவது முயற்சி பண்ணு" என்றார். சிரிக்க முயன்றேன்.

குழுவுக்குத் தலைவி முன்னாள் நீதிபதி ஒருவர். குரலை உயர்த்தாதவர். எனக்கு முன்னால் செல்வராசைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். சத்தியம் செய்து முடித்ததும், விளக்கம் சொல்லும்போது தாதி உடன் இருந்தாரா என்று கேட்டார்கள்.

"இருந்தாங்க" என்றார் செல்வராசு. "அக்கா பக்கத்துலயேதான் இருந்தாங்க. எல்லாத்தையும் தமிழ்ல எடுத்துச் சொன்னாங்க. நான் சம்மதிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னதும் அறையில் சலசலப்பு. செய்தியாளர்கள் நிமிர்ந்தார்கள். முன்பு குழுவிடம் எழுதிக் கொடுத்ததில் வேறு மாதிரி இருக்கிறதே என்று தலைவி கேட்டார். அப்போது சரியாக ஞாபகம் இல்லை, இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழக்குரைஞர் பெண் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கு எடுத்துப் போக வேண்டிய தாளை அந்த மனிதர் எனக்காகக் கிழித்துப் போட்டுவிட்டார். பெண்டாட்டிக்கு இனிப் பதில் சொல்ல முடியாது. அவரே சம்மதித்தார் என்று அவர் வாயாலேயே பதிவாகிவிட்டது. நான் அவரிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. போடுங்க என்றுகூடச் சொல்லவில்லை. நம் மொழியில் நாலு வார்த்தை புலம்பினேன். அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது முறை, என் முகத்தைப் பார்த்து அவர் தமக்குத்தாமே கேடு செய்துகொண்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் வழக்குரைஞர் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "ஆன்டி, இனி ஈஸி லா. பேஷண்டே சொல்லிட்டாரு. நீங்க ஆமான்னா போதும்." பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். நான் அதை அப்படியே மூடி வைத்தேன். இனி நான் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை என்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதற்குத் தலையாட்டினால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஓய்வு பெறும் நாளில் கேக் வெட்டி, நீண்ட காலச் சேவைக்கு ஒரு தட்டும் கொடுப்பார்கள்.

என் முறை வந்தது. இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு நான் போய் உட்காரவில்லை. வழக்கமாக நான் முழு நேரமும் உடன் இருப்பேன் என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. தலைவி படிவத்தைத் திரையில் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"இதற்கு மேலே இருப்பதைப் படியுங்கள்."

சத்தமாகப் படித்தேன். விளக்கம் சொன்ன முழு நேரமும் நான் உடன் இருந்தேன். எத்தனையோ முறை மனசுக்குள் படித்த வாக்கியத்தை முதல்முறை வாய்விட்டுப் படித்தேன். படித்து முடித்ததும், வாயில் தயாராக வைத்திருந்த அந்த இன்னொரு வாக்கியம் வரவில்லை. களைத்துப் போயிருந்தேன். இதையும் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு ஆண்டுகள் வார்டில் நடக்க முடியாது என்று தோன்றியது. அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"நான் இல்லை" என்றேன். "கடைசியில் ஒரு நிமிடம்தான் இருந்தேன்."

"நோயாளியே நீங்கள் இருந்ததாகச் சொல்கிறாரே?"

"எனக்காகச் சொல்கிறார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வழக்குரைஞர் பெண் எழுந்து ஏதோ சொன்னாள், தலைவி அவளை உட்காரச் சொன்னார். தேக்காவில் பார்த்ததை, கோப்பிக் கடையில் உட்கார்ந்ததை, என் வேலை போய்விடும் என்று அவரிடம் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சியைச் சந்தித்துப் பேசியது தனிக் குற்றம். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பின் வரிசையிலிருந்து செல்வராசு எழுந்துவிட்டார். "ஏன்க்கா இப்படிப் பண்ணுறீங்க? உங்களுக்காகத்தானக்கா சொன்னேன்!"

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் தலைவியைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலைவி கையால் காட்டினார். அவர் அதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் செல்வராசு என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத கோபம் இருந்தது. "அத்தன பேரு முன்னாடி என்னப் பொய்க்காரனாக்கிட்டீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நெசத்தச் சொல்லியிருப்பேன்ல?" என்றார். நியாயமான கேள்வி. மன்னிச்சிருங்க தம்பி என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் அவரை மீண்டும் கூப்பிட்டார்கள். தலைவி கண்டித்தார், ஆனால் தண்டிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுத்தார்கள். இரண்டாவது ஊசியும் குணமாவதற்குத்தான் என்று நினைத்ததாகச் சொன்னார். ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு, "அக்கா போடுங்கன்னாங்க, போட்டேன்" என்றார். அறிக்கை வந்தபோது அதில் செல்வராசிடமிருந்து முறையான சம்மதம் பெறப்படவில்லை என்று இருந்தது. அதைத் தமிழில் எழுதி, முத்திரையோடு அவர் கையில் கொடுத்தார்கள். அவர் முதலில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினாராம்.

பேராசிரியர் பதவி விலகினார். என் பதிவை ஓராண்டு நிறுத்திவைத்தார்கள், நான் திரும்பிப் போகவில்லை. கேக் வெட்டவில்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான், கொஞ்சம் குறைவாகவே கிடைத்தது என்றும் நினைக்கிறேன்.

விதிகள் மாறின. படிவம் இப்போது நான்கு மொழிகளிலும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம் என்பது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. புரிந்ததா என்று கேட்கக் கூடாது, என்ன புரிந்தது என்று நோயாளி தம் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சாட்சி அறைக்குள் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுத வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அந்த நேரங்களை வேலை முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இருப்பதாக இப்போதே காதில் விழுகிறது. உங்களில் யாராவது அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது, கோபமும் வராது. நாளைக்கும் இரண்டு பேர் விடுப்பில் இருப்பார்கள், தொலைபேசி அடிக்கும். போகும்போது நீங்கள் அந்த அறைக்குள் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் படிவம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு செல்வராசு தொலைபேசியில் கூப்பிட்டார். விசாரணைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை. இரண்டாவது ஊசியில் அவரிடமிருந்து எடுத்த துணுக்கை ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடலாமா என்று புதிய விதிப்படி அவரிடம் கேட்க வேண்டுமாம். "நீங்களும் வாங்கக்கா" என்றார். எனக்கு இனி அங்கே எந்த வேலையும் இல்லை என்றேன். "எனக்காக வாங்க" என்றார். போனேன்.

சின்ன அறை. விளக்கம் சொன்னது உங்களுக்கு முன்னால் பட்டியலில் சேர்ந்த ஒரு பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எழுத்துத் தமிழில் தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். ஆனால் அவசரப்படவில்லை. சாட்சிக்கு இன்னொரு தாதி ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. செல்வராசைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள், அவர் சொன்னதில் ஒரு தப்பைத் திருத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். கடைசியில் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். என்ன செய்யலாம் என்று என் முகத்தில் தேடுவது தெரிந்தது. ஆய்வுக்குப் பயன்படட்டுமே, யாருக்காவது நல்லது நடக்கட்டுமே என்றுதான் என் மனசில் இருந்தது. அது என் கண்ணில் தெரிந்திருக்கும். எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தார். முகத்தில் ஒரு திகைப்பு.

"வேணாம்னுட்டேன்க்கா" என்றார். "அழிச்சுருங்கன்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. 'சரி அண்ணே'ன்னுச்சு அந்தப் பொண்ணு. ஏன்னுகூடக் கேக்கல. தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு." மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

மின்தூக்கி வந்து திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. அவர் அங்கேயே நின்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அன்னைக்கும் இப்புடியே சொல்லியிருக்கலாமாக்கா?"

"சொல்லியிருக்கலாம், தம்பி" என்றேன்.